அந்தக் கையெழுத்து என்னுடையது

பெலி பிரோத்
ஜூலை 5

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதாவது நீ எங்களை விட்டுவைத்திருக்கிற அளவுக்குச் சுகம். அங்கே கனடாவில் அந்த ஹாலிஃபாக்ஸ் கடல்காற்றில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், நின்றுகொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது, தையல் நன்றாக ஆறிவிட்டது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் நேற்று கக்கத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு தர்பூசணியோடு வந்து நிற்கிறார், கேட்டால் "இது கனமே இல்ல, உள்ள வெறும் தண்ணிதானே" என்கிறார். இந்த வருஷம் செர்ரி மரம் காய்த்துத் தள்ளிவிட்டது. பதினேழு பாட்டில் ஜாம் போட்டிருக்கிறேன். உனக்கு அனுப்பலாம் என்றால் தபாலில் உடைந்துவிடும், நீ வந்து சாப்பிட வேண்டியதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன் இருக்க அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அது மறுநாள் இணையத்தில் உன் பக்கத்தில் வந்துவிடுகிறது. போன வருஷம் மே மாதம் நீ வந்திருந்தபோது சமையலறைத் திரைச்சீலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது, அதைப் பார்த்து நான் செருப்பும் கையுமாக, "ஒண்ணு அது வெளிய போகணும், இல்ல நான் வெளிய போகணும், எதுன்னு நீயே சொல்லுடி" என்று கத்தினேன், நீ கதவுக்குப் பின்னால் நின்று அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டாய். ஹாஸ்கோவோ டவுன் மருந்துக்கடையில் ஒரு பெண் என் குரலைக் கேட்டதும் மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டு, "ஐயோ, நீங்க அந்தப் பூச்சியம்மாதானே!" என்கிறாள். முப்பத்தொரு வருஷம் இந்த ஊர் வாசகசாலையில் நூலகராக இருக்கிறவள், ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள், கடைசியில் பூச்சியம்மா. உன் பக்கத்தை நான் பார்ப்பதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். திங்கட்கிழமை ஒரு அந்துப்பூச்சி, செவ்வாய்க்கிழமை எங்கோ ஒரு பாழடைந்த பஸ் நிறுத்தத்தின் சுவரோவியம், புதன்கிழமை ஏதோ பாசி, வியாழக்கிழமை அந்த விண்வெளித் தொடர், வெள்ளிக்கிழமை மறுபடியும் பாசி, அதைப் பூதக்கண்ணாடி வைத்து. ஒரு மனுஷிக்கு இத்தனை விஷயத்தில் எப்படி ஆசை வரும், ஏதாவது ஒன்றில் நிற்க மாட்டாளா என்று உன் அப்பாவிடம் கேட்டால் அவர், "விடு நெதெல்கா, புள்ள சந்தோஷமா இருக்கா, சந்தோஷத்தப் பகுந்துக்கிறா" என்கிறார். அவருக்கென்ன, அவரை யாரும் படம் பிடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ தாளை மடித்து வைத்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று நினைக்காமல் கடைசிவரை படி. நம் வாசகசாலையின் தெருப் பக்கச் சுவரில் இருக்கிற மொசைக் சித்திரத்தைப் பற்றித்தான். சிவப்புத் துணி கழுத்தில் பறக்க, தலையில் கவசத்தோடு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண், அவள் தோளுக்கு மேலே மூன்று பறவைகள். நான் பிறப்பதற்கு முன்பே பதித்தது. யார் அவள், விமானியா, வானொலி நிலையத்துக்காரியா என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் "பன்னிரண்டாம் துறைமுகம்" என்று அந்தத் தொடர் வந்ததும் அதில் வருகிற ஓர்வா என்ற விண்கப்பலோட்டி அச்சு அசல் நம் சுவர்ப் பெண் மாதிரியே இருக்கிறாள் என்று நீதான் முதலில் கண்டுபிடித்தாய், நீதான் வரைந்தாய், நீதான் போட்டாய். அதோடு விட்டாயா, சுவருக்கு மேலே கூரை விளிம்பின் விரிசலில் கூடு வைத்திருக்கிற உழவாரக் குருவிகளையும் எண்ணி எழுதினாய், பத்தொன்பது கூடு. ஓவியமும் குருவியும் ஓர்வாவும் ஒரே சுவரில் இருந்ததால் அந்தச் சுவர் உன் பக்கத்துக்கே கோயிலாகிவிட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தச் சுவருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது ரலிட்சா, உள்பக்கம். அங்கேதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஜனவரியில் நூலகத்துக்குள்ளே எவ்வளவு குளிர் என்று உனக்குத் தெரியாது, நீ மே மாதத்தில் வந்து ஜூனில் போகிறவள். கணப்பை நாள் முழுக்க எரிய விட்டாலும் பதினோரு டிகிரிக்கு மேல் ஏறாது. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் பள்ளி விட்டதும் நேரே நம்மிடம் வந்துவிடுவார்கள், அவர்களுடைய பஸ் ஐந்தரைக்குத்தான், அதுவரை போக வேறு இடம் கிடையாது. கோட்டும் குல்லாயும் போட்டபடி நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலை அக்குளில் வைத்துக்கொள்ளும். துப்புரவுக்கு வருகிற ஐஷே தினமும் வீட்டிலிருந்து ஒரு பெரிய கூஜா நிறைய லிண்டன் பூ தேநீர் கொண்டுவந்து ஊற்றிக் கொடுப்பாள், யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் அவளுக்கு அதற்குத் தருவதும் இல்லை. சுவரோரத்து அலமாரிகளின் பின்னால் பூஞ்சை ஏறிவிட்டது, நில வரைபடங்களில் பாதி தின்றுபோய்விட்டது. சுவரை வெளியிலிருந்து மூட வேண்டும், தெர்மாகோல் பலகை ஒட்டிப் பூச வேண்டும், நாடு முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் ஆறு வருஷமாக விண்ணப்பம் எழுதினேன். ஒரு வருஷம் வரைபடம் இல்லை என்று திருப்பினார்கள், ஒரு வருஷம் முத்திரை சரியில்லை என்றார்கள், ஒரு வருஷம் விண்ணப்பத்தையே தொலைத்துவிட்டார்கள். இந்தப் பிப்ரவரியில் ஒப்புதல் வந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ஐஷேயும் நாற்காலியில் உட்கார்ந்து சிறு பிள்ளைகள் மாதிரி அழுதோம்.

மார்ச் மாதம் நீ அதைப் போட்டாய். நகராட்சி இணையதளத்தில் இருந்த அறிவிப்பை எங்கிருந்தோ பிடித்து, ஓர்வாவின் முகத்துக்கு மேலே வெள்ளைப் பலகை ஏறுகிற மாதிரி ஒரு படம் வரைந்து, கீழே நீ எழுதியதை எனக்கு இப்போது மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். "இந்தச் சுவரைக் கொல்வதற்கு எங்கள் ஊரில் கண் இல்லாத எவரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்." ஆறாயிரம் பேர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். இயந்திர மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவன் கையெழுத்துப் போட்டவரைச் சுவரோடு சேர்த்துப் பூசச் சொன்னான். ஒருத்தி இப்படிப்பட்டவர்களுக்கு அழகு என்றால் என்னவென்றே தெரியாது, பிறவியிலேயே அப்படி என்றாள். அதற்கு நீ ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாய். அந்தக் கண் இல்லாதவர் யார் தெரியுமா ரலிட்சா? விண்ணப்பத்தின் கடைசித் தாளில் நீல மசியில் இருக்கிற கையெழுத்து என்னுடையது.

படித்துவிட்டு உடனே உனக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இதில் என் பங்குத் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆறு வருஷமாக எழுதியதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும், அதனால் வேலை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் நீயும் ஒரு தடவைகூட, "அம்மா, உள்ள குளிருதா?" என்று கேட்கவில்லையே. குருவி முட்டை வைத்துவிட்டதா, எத்தனை, எந்தத் தேதியில் என்று கேட்டாய். பிள்ளைகள் எத்தனை என்று கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உன் பக்கத்தில் வெற்றி வெற்றி என்று வந்துவிட்டது, அதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நகராட்சிக்குக் கடிதம் குவிந்தது. ஜப்பானிலிருந்து ஒன்று வந்தது, அதைப் படிக்க ஆளில்லாமல் மேயர் அறையில் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார்கள். மேயர் கிரூம், உன்னோடு மூன்றாம் வகுப்பில் படித்தவன்தான், நூலகத்து மீன்பிடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் இருபத்தைந்து வருஷமாகத் திருப்பித் தராதவன், என்னைக் கூப்பிட்டு மேஜையைத் தட்டினான். "நெதெல்கா அக்கா, விண்ணப்பம் எழுதினது நீங்க, அத நிறுத்தச் சொல்றது உங்க மக. அம்மாவும் மகளும் வீட்டுல பேசிக்க மாட்டீங்களா? நான் யாருக்குப் பதில் சொல்ல?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் முதலில் அந்த மீன் புத்தகத்தைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏப்ரலில் தலைநகர் சோபியாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், குருவிக் கூட்டைப் பார்த்தார்கள், சித்திரத்தைப் பார்த்தார்கள், வெளிச்சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜூலை நடுவுக்குள் திட்டத்தை மாற்றிக் கொடுக்காவிட்டால் ஒப்புதலே ரத்து என்றும் ஒரு வரி இருந்தது. ஐஷே துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபடி, "அப்ப அடுத்த குளிர்காலத்துக்குப் பெரிய கூஜாவா வாங்கிடுறேன் அக்கா" என்றாள். உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்த இரண்டு மாதமும் நீ போன் செய்தபோதெல்லாம் அம்மாவுக்குத் தலைவலி என்று அப்பா சொன்னது பொய். எனக்குத் தலைவலி இல்லை. உன்னோடு பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை உன் ஆட்கள் வந்தார்கள். நீ அழைத்தாயா அவர்களாக வந்தார்களா தெரியாது, இருபத்திரண்டு பேர், தெசலோனிகியிலிருந்து ஒரு வேனும், மற்றவர்கள் காரிலும் பஸ்ஸிலுமாக. எல்லோரும் ஓர்வா வேஷம். வெள்ளி நிறத்தில் போர்வை மாதிரி அங்கி, கழுத்தில் சிவப்புத் துணி, முகத்தில் நீலக் கோடு. தாடி வைத்த ஓர்வா ஒருவன், நிறைமாத ஓர்வா ஒருத்தி. சுவருக்கு எதிரே நின்று எல்லோரும் ஒரு கையைத் தூக்கினார்கள். எதிர்க்கடை மின்ச்சோ மளிகையைப் பூட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான், "அக்கா, இவங்கெல்லாம் மழை வேண்டி வந்திருக்காங்களா?" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறான். நான் வாசகசாலைக் கதவைப் பூட்டிச் சாவியை மார்போடு பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். ஒருவரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு. உள்ளே வந்து எதைப் பார்க்கப் போகிறார்கள், பூஞ்சையையா?

மின்ச்சோவின் வாய் முகூர்த்தமோ என்னவோ, கால்மணி நேரத்தில் வானம் கறுத்துக் கல்மழை பிடித்துக்கொண்டது. சாதாரணக் கல் இல்லை, வால்நட் அளவு. மின்ச்சோவின் கூரைத் தகரத்தை ஓட்டை போட்டது. முகத்து நீலம் வழிந்து கழுத்தில் ஓட அத்தனை பேரும் படியில் என்னை நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த நிறைமாதப் பெண் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்வது, கதவைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் ஐஷே, "அக்கா, அக்கா" என்று படிக்கட்டின் கீழிருந்து கூப்பிட்டாள். கல்லடி பட்டு ஒரு உழவாரக் குருவி தரையில் கிடந்தது, இறக்கை இரண்டையும் விரித்துக்கொண்டு எழும்ப முடியாமல் தவழ்கிறது. இந்தக் குருவிகளின் எச்சத்தைத் தினமும் படியில் சுரண்டுகிறவள் ஐஷே, அவற்றைத் திட்டாத நாள் கிடையாது, அவள்தான் அதை முக்காட்டுத் துணியில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். தாடி வைத்த ஓர்வா, இது தரையிலிருந்து தானாகப் பறக்காது, உயரத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று சைகையில் காட்டினான். மழை விட்டதும் அதை நானே மாடிக்குக் கொண்டுபோனேன். நகத்தால் என் விரலைக் கிழித்தது, என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை முழுக்க எச்சம் போட்டது. தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்து உள்ளங்கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் நெஞ்சு என் கையில் அடிக்கிற வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. அப்புறம் விழுகிற மாதிரி விழுந்து, தரையைத் தொடுவதற்குள் மேலே ஏறிவிட்டது. கீழே இருபத்திரண்டு பேரும் கத்துகிறார்கள்.

அந்த ஜன்னல் சுவர்ப் பெண்ணுடைய தூக்கிய கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினேன், அவள் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தாள். முப்பத்தொரு வருஷம் அவளுக்குக் கீழே சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறேன், ஒரு நாளும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மழையில் நனைந்து எல்லாக் கல்லும் மின்னிக்கொண்டிருந்தன. அவளுடைய தலைமுடி கல் இல்லையடி, பழுப்பு நிற மருந்துப் பாட்டிலை உடைத்துப் பதித்திருக்கிறார்கள். பறவைகளின் பச்சை நம் ஊர் சோடா ஆலைப் பாட்டில், ஒரு துண்டில் பாதி எழுத்துக்கூடத் தெரிகிறது. விரல் நகங்களுக்குச் சிப்பி வைத்திருக்கிறார்கள், தெருவில் நிற்கிற யாருக்கும் அது தெரியாது, இருந்தும் வைத்திருக்கிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன், ஐஷே வந்து தோளைத் தொடுகிற வரைக்கும். அழகாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா? ஆனால் அதற்காகப் பிள்ளைகளின் விரல் மரத்துப்போக வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கீழே வந்தால் ஒரு ஓர்வா, ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறாள். என்ன திருடுகிறாய் என்று கேட்கப் போனேன். அவளோ பள்ளியில் நான் படித்த ரஷ்ய மொழியில், "அலமாரிய வெளிச்சுவரோட ஒட்டி வெச்சது யாருங்க?" என்றாள். நான்தான், புத்தகம் இருந்தால் குளிர் குறையும் என்று வைத்தேன் என்றேன். "உங்க பூஞ்சைல பாதி அதனாலதான், காத்து போக வழியே இல்லையே" என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளி அங்கிக்குள்ளிருந்து ஒரு கருவியை எடுத்துச் சுவரில் நீட்டி எண்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பெயர் விலியா, லிதுவேனியாக்காரி, பழைய கட்டடங்களுக்குக் குளிர்காப்புச் செய்கிற பொறியாளர், இருபத்தாறு வருஷ அனுபவம். வேஷம் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு வேலை வெட்டியே இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். அவளிடம் எல்லாக் கோபத்தையும் கொட்டினேன். யார் கையெழுத்துப் போட்டது என்றும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "அதுக்குக் கீழ எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. என்ன எழுதினேன்னு கேக்காதீங்க" என்றாள்.

மற்றவர்கள் மாலையில் கிளம்பிப் போனார்கள், அவள் நான்கு நாள் நம் வீட்டில் உன் அறையில் தங்கினாள். உன் பாசி டப்பாக்களைத் தொடாமல் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரை வெளியே தொட வேண்டியதே இல்லையாம், உள்பக்கம் மரநார்ப் பலகை அடித்து அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினால் போதுமாம், அறையில் ஒரு சாண் அகலம் குறையும், ஆனால் சூடு வெளியே போகாது, சுவரும் மூச்சு விடும். பகல் முழுக்க அளந்தாள், வரைந்தாள், நான் ஒரு முனையில் நாடாவைப் பிடித்தேன். அப்பா அவளுக்குத் தினம் வெள்ளரிக்காய் தயிர் சூப்பும் பிளம் சாராயமும் ஊற்றி ஊற்றிக் கொடுத்து, தன் ஆபரேஷன் கதையை இருவருக்கும் பொதுவில்லாத மொழியில் மூன்று தடவை சொன்னார். நான்காம் நாள் மூவரும் கிரூமிடம் போனோம், நான், அவள், ஐஷே. அவளுக்கு மாற்றுத்துணி காயாததால் அதே வெள்ளி அங்கி. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னொரு வேஷக்காரிய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றான். அவள் வரைபடத்தை விரித்தாள். அவன் பேனாவால் ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டுக் கேட்டான், நான் மொழிபெயர்த்தேன், வியர்த்துவிட்டது. கடைசியில் ஐஷேதான், "ஐயா, பலகை உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன, புள்ளைங்களுக்குச் சூடு வந்தாப் போதும், கையெழுத்தப் போடுங்க" என்றாள். அவன் போட்டான். பக்கத்தில் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் நானும் போட்டேன், மறுபடியும் நீல மசிதான். போன வியாழக்கிழமை சோபியாவிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது.

இதோடு கடிதம் முடிந்துவிட்டது என்று பெருமூச்சு விடாதே, நான் இன்னும் ஆறவில்லை. வேலை செப்டம்பர் முதல் தேதி ஆரம்பம், பதினைந்தாம் தேதி பள்ளி திறப்பதற்குள் முடிய வேண்டும். அதற்கு முன்பு சுவரோரத்து அலமாரி ஒவ்வொன்றும் காலியாகி, புத்தகமெல்லாம் பூஞ்சை துடைத்து மாடி அரங்குக்குப் போக வேண்டும், பிறகு மறுபடி இறங்க வேண்டும். வெளியே பலகை ஒட்டியிருந்தால் ஒரு புத்தகத்தைக்கூட நகர்த்த வேண்டியிருந்திருக்காது. பதினோராயிரத்து முந்நூறு புத்தகம். நகராட்சி ஆள் தராது, கிரூம் சொல்லிவிட்டான். ஐஷே இருக்கிறாள், நான் இருக்கிறேன், உன் அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் தையல் பிரித்துக்கொள்வார். விலியா தன் விடுமுறையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். தாடிக்காரனும் அந்த வேன்காரர்களும் வருகிறார்களாம், நிறைமாதப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, பெண், அவள் வர முடியாது. ஆறாயிரம் பேர் எழுதினார்கள், கை கொடுக்க ஏழு பேர். பரவாயில்லை, ஏழு பேர் எனக்குப் போதும். ஆனால் எட்டாவது ஆள் நீ. அந்தச் சுவரை வாழ வைத்தது நீயென்றால் அதன் புத்தகத்தைத் தூக்குவதும் நீதான். ஆய்வுக்கூடத்தில் லீவு கிடைக்காது என்று எழுதாதே, போன வருஷம் பாசி பார்க்க மட்டும் மூன்று வாரம் கிடைத்தது.

இன்னொன்று. உன் பக்கத்தில் மார்ச் மாதம் நீ எழுதியதை அழிக்க வேண்டாம், அழித்தால் கோபம் வரும். அதற்குக் கீழேயே, கையெழுத்துப் போட்டது என் அம்மா, பெயர் நெதெல்கா, காரணம் இது என்று எழுது. குளிரையும் எழுது, பிள்ளைகள் பதினான்கு என்றும் எழுது, ஐஷேயின் கூஜாவையும் எழுது, படம் தேவையென்றால் வந்து எடுத்துக்கொள், நான் ஒளிய மாட்டேன். சிரிக்கிற முகம் மட்டும் போடாதே. நீ சின்ன வயதில் கூழாங்கல்லும் இறகும் நத்தை ஓடுமாகப் பை நிறையக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டுவாய், நான் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்து வைப்பேன். இப்போது உலகத்தின் மேஜையில் கொட்டுகிறாய். கொட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டுவதற்கு முன்னால் அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்.

உனக்கு உடம்பில் பலமும் மனதில் நிதானமும் கிடைக்கட்டும், அந்தக் குளிர் ஊரில் உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும், எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா தனியாக எழுதச் சோம்பல்பட்டு, "முத்தம் குடுத்தேன்னு எழுது, தர்பூசணி இனிப்புன்னும் எழுது" என்கிறார், எழுதிவிட்டேன். பல் டாக்டரிடம் போய்விட்டாயா என்று மூன்று தடவை கேட்டாயிற்று, போ. டிக்கெட் எடுத்ததும் தேதியை மட்டும் சொல், வேறு பேச்சு வேண்டாம், மற்றதை நேரில் திட்டிக்கொள்கிறேன். அடி தேயாத செருப்பும், இடுப்புப் பட்டையும், பழைய சட்டையும் கொண்டுவா. ஆகஸ்ட் இருபத்துநான்கு, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு வாசகசாலையைத் திறக்கிறேன். நான் வரும்போது நீ படியில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற, உன் அறைக்கு நேற்றே புது விரிப்பு போட்டுவிட்ட,
அம்மா நெதெல்கா